மூக்கு ஆபரேஷன் முடிஞ்சாச்சு... ஆனா மூச்சு ஏன் இன்னும் அடைக்குது? முதல் 3 மாதம் எப்படி இருக்கும்? முழு விளக்கம்

மூக்குத் தண்டு வளைவு, சைனஸ், மூக்கில் சதை வளர்ச்சி... காரணம் எதுவாக இருந்தாலும், மூக்கில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் முதல் வாரத்தில் சொல்வது ஒன்றுதான். "ஆபரேஷனுக்கு முன்னாடியாவது ஒரு பக்கம் மூச்சு வந்துச்சு. இப்போ ரெண்டு பக்கமும் அடைச்சிருக்கு. ஆபரேஷன் சரியா செய்யலையோ?"

பெரும்பாலும் ஆபரேஷன் சரியாகத்தான் நடந்திருக்கும். மூக்கு ஆபரேஷனின் பலன் தெரிய சில வாரங்கள் ஆகும். முழுதாகத் தெரிய 3 மாதம்கூட ஆகலாம். நடுவில் வரும் அடைப்பு, ரத்தம் கலந்த நீர், பொருக்கு, தலைபாரம் எல்லாம் குணமாகும் வழியில் வருபவைதான்.

ஆனால் எல்லாமே அப்படி இல்லை. சில அறிகுறிகளைப் பொறுத்துக்கொண்டு இருந்துவிடக் கூடாது. எது சாதாரணம், எது ஆபத்து என்று தெரிந்துகொள்வது கிராமங்களில் இருப்பவர்களுக்கு இன்னும் முக்கியம்.

புதுக்கோட்டை மாவட்டம் குடுமியான்மலையை எடுத்துக்கொள்வோம். சிகாநாதசுவாமி கோயிலுக்கும், பாறையில் வெட்டிய இசைக் கல்வெட்டுக்கும் பெயர்பெற்ற ஊர். இங்கிருந்து புதுக்கோட்டை நகரம் ஏறக்குறைய 20 கிலோமீட்டர். 2017-ல் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, நகரத்தைத் தாண்டி முள்ளூரில் இருக்கிறது. ஆபரேஷன் முடிந்து ஓரிரு நாளில் டிஸ்சார்ஜ் ஆகி ஊருக்கு வந்துவிட்டால், அதன்பிறகு குணமாவது முழுக்க வீட்டில்தான். ராத்திரி 11 மணிக்கு மூக்கில் ரத்தம் வந்தால், காலை வரை காத்திருக்கலாமா, உடனே கிளம்ப வேண்டுமா? இந்த முடிவை வீட்டில் இருப்பவர்களே எடுக்க வேண்டியிருக்கும். அதற்கான விளக்கம்தான் இது.

எந்தெந்த ஆபரேஷன்களுக்கு இது பொருந்தும்?

மூக்கின் இரண்டு துளைகளுக்கும் நடுவில் ஒரு சுவர் இருக்கிறது. முன்பகுதி குருத்தெலும்பு, பின்பகுதி எலும்பு. இது ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பதைத்தான் 'மூக்குத் தண்டு வளைவு' என்கிறோம். இதை நேராக்குவது ஒரு வகை ஆபரேஷன்.

சைனஸ் அறைகளின் வாசல் அடைபட்டிருந்தால், எண்டோஸ்கோப் வழியாக உள்ளே பார்த்தபடி அதைத் திறந்துவிடுவது இன்னொரு வகை. மூக்கில் வளர்ந்த சதையை எடுப்பது, பக்கச் சுவரில் வீங்கியிருக்கும் சதையைக் குறைப்பது ஆகியவையும் உண்டு. இந்த நான்குக்கும் வெளியில் தழும்பு இருக்காது. எல்லாம் துளை வழியாகவே நடக்கும். பல நேரம் ஒரே ஆபரேஷனில் இரண்டு மூன்றைச் சேர்த்தே செய்வார்கள்.

மூக்கின் வெளித்தோற்றத்தை மாற்றும் ஆபரேஷனும், விபத்தில் உடைந்த மூக்கெலும்பைச் சரிசெய்வதும் கொஞ்சம் வேறு. அவற்றைத் தனியாகப் பார்ப்போம்.

சரிசெய்த பிறகும் ஏன் அடைப்பு?

கால் சுளுக்கினால் வீங்குகிறது அல்லவா? மூக்கின் உள்ளேயும் அதேதான் நடக்கிறது. மூக்கின் உட்பக்கம் ஈரமான மெல்லிய சவ்வு. அதில் ரத்தக் குழாய்கள் நிறைய. கத்தி பட்டதும் அந்தச் சவ்வு வீங்கும். வழியோ ஏற்கெனவே குறுகலானது. கொஞ்சம் வீங்கினாலே காற்று போக இடம் இருக்காது.

அதோடு, கசியும் ரத்தமும் சளியும் காய்ந்து பொருக்காகி உள்ளேயே ஒட்டிக்கொள்ளும். சளியை வெளியே தள்ளும் நுண்ணிய மயிரிழைகளும் கொஞ்ச நாள் சரியாக வேலை செய்யாது. வீக்கம், பொருக்கு, சளி மூன்றும் சேர்ந்ததுதான் அந்த அடைப்பு. வீக்கம் வடிய வடிய, பொருக்கு உதிர உதிர வழி திறக்கும்.

முதல் 48 மணி நேரம்: எதுக்கெல்லாம் பயப்பட வேண்டாம்?

ரத்தக் கசிவை நிறுத்த, மூக்கின் உள்ளே பஞ்சு போன்ற ஒரு பொருளையோ மருந்து தடவிய துணியையோ வைப்பார்கள். இதைத்தான் 'பேக்' என்று சொல்வார்கள். வைத்தால், பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் எடுத்துவிடுவார்கள். இப்போது பலருக்குப் பேக் வைப்பதே இல்லை, அல்லது தானே கரையும் பொருளை வைக்கிறார்கள்.

பேக் இருக்கும்வரை வாயால்தான் மூச்சு விட வேண்டும். அதனால்:

• வாயும் தொண்டையும் வறண்டுபோகும். அடிக்கடி ஒரு வாய் தண்ணீர் குடிக்கவும்.

• எச்சில் விழுங்கும்போது காது அடைப்பது போல இருக்கும்.

• கண்ணில் நீர் வழியும். கண்ணீர் இறங்கும் வழி மூக்குக்குள்தான் திறக்கிறது. அது அடைபட்டிருப்பதால் கண்ணீர் வெளியே வரும்.

• நெற்றி, கன்னம், மேல் பல் வரிசையில் பாரமாக இருக்கும்.

• மூக்கின் கீழே மீசை போல ஒட்டிய பஞ்சுத் துணி ரத்தம் கலந்த நீரால் நனையும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும்.

முதல் நாள் எச்சிலில் ரத்தம் தெரியலாம். கறுப்பாக வாந்தியும் ஒருமுறை வரலாம். ஆபரேஷன் நேரத்தில் தொண்டை வழியாக வயிற்றுக்குள் போன பழைய ரத்தம் அது. ஆனால் பளிச்சென்ற சிவப்பில் புது ரத்தம் தொண்டைக்குள் இறங்கிக்கொண்டே இருந்தால் அது வேறு விஷயம். உடனே சொல்ல வேண்டும்.

வலி பலர் நினைக்கும் அளவுக்கு இருக்காது. டாக்டர் எழுதிக்கொடுத்த வலி மாத்திரையே பெரும்பாலும் போதும். மருந்துக் கடையில் கேட்டு வேறு மாத்திரை வாங்கிப் போடாதீங்க. ஆஸ்பிரின் போன்ற சில மாத்திரைகள் ரத்தக் கசிவை அதிகமாக்கும். இதய நோய்க்காக ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள், அதை எப்போது மறுபடி தொடங்குவது என்பதை டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. அதை நிறுத்துவதும் தொடங்குவதும் நாமாக முடிவு செய்யும் விஷயம் இல்லை.

பேக் எடுக்கும்போது வலிக்குமா?

மூக்கு ஆபரேஷனில் பலர் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். உள்ளிருந்து எதையோ இழுப்பது போன்ற உணர்வு சில நொடிகள் இருக்கும். கண்ணில் நீர் வரும். கொஞ்சம் ரத்தமும் வரலாம். பேக்கைச் சலைன் விட்டு நனைத்து மெதுவாக எடுத்தால் சிரமம் குறையும். சிலருக்குத் தலை சுற்றும். அதனால் வெறும் வயிற்றோடு போகாமல், துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவது நல்லது.

எடுத்ததும் "ஆஹா, காற்று வருதே!" என்று தோன்றும். இந்தச் சந்தோஷம் பலருக்கு ஒரு நாள்தான். அடுத்த நாளே மறுபடி அடைக்கும். உள்ளே வீக்கம் இன்னும் வடியவில்லை என்பதுதான் காரணம். இந்த இரண்டாவது அடைப்பைப் பற்றி முன்கூட்டியே தெரியாததால்தான் பலர் பதறிப்போகிறார்கள்.

சிலருக்கு நடுச்சுவரின் இரண்டு பக்கமும் மெல்லிய சிலிக்கான் தகடு வைத்துத் தைத்திருப்பார்கள். சுவர் நேராக நிற்கவும், பக்கத்துச் சதையோடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்கவும்தான் இது. பெரும்பாலும் ஒரு வாரத்தில், சில நேரம் இரண்டு வாரத்தில் எடுப்பார்கள்.

இந்த அக்கறை புதுசு இல்லை!

மூக்கு ஆபரேஷனில் வெட்டுவதைவிட, அதன்பின் துளை மூடிக்கொள்ளாமல் காப்பதுதான் கஷ்டம் என்று நம் நாட்டில் ரொம்ப காலமாகவே தெரிந்திருக்கிறது. 'மூக்கறுபட்டான்' என்பது இன்று நமக்கு வெறும் பேச்சு வழக்கு. ஒரு காலத்தில் அது நிஜமான தண்டனை. திருமலை நாயக்கர் காலத்தில் மதுரைக்கும் மைசூருக்கும் நடந்த சண்டைக்கு 'மூக்கறுப்புப் போர்' என்றே பெயர்.

இழந்த மூக்கைத் திரும்ப அமைக்கும் முறை சுசுருத சம்ஹிதையில் இருக்கிறது. கன்னத்துத் தோலை எடுத்து மூக்கு செய்த பிறகு, மூச்சு விடுவதற்காக இரண்டு துளைகளிலும் ஆமணக்குத் தண்டால் ஆன குழாயை வைக்க வேண்டும் என்கிறது அந்த நூல்.

1792 மைசூர் போரில் ஆங்கிலேயப் படைக்கு மாட்டு வண்டி ஓட்டிய காவஸ்ஜி என்பவர் திப்பு சுல்தான் படையிடம் சிக்கினார். அவருடைய மூக்கும் ஒரு கையும் வெட்டப்பட்டன. அடுத்த ஆண்டில் புனே பகுதியில் ஒரு உள்ளூர் வைத்தியர், நெற்றித் தோலைத் திருப்பி அவருக்குப் புது மூக்கு அமைத்தார். ஆங்கிலேய டாக்டர்கள் அதைப் பார்த்தார்கள். 1794 அக்டோபரில் லண்டனின் 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' பத்திரிகையில் அந்தச் செய்தி படத்தோடு வந்தது. அதைப் படித்த ஜோசப் கார்ப்யூ என்ற மருத்துவர், 1814-ல் லண்டனில் இதே முறையில் ஆபரேஷன் செய்தார்.

அந்தப் பத்திரிகைக் குறிப்பில் ஆபரேஷனுக்குப் பிந்தைய கவனிப்பும் இருக்கிறது. ஐந்தாறு நாள் மல்லாந்து படுத்திருக்க வேண்டும். பத்தாம் நாள், துளை திறந்தே இருப்பதற்காக உள்ளே மென்மையான துணித் துண்டுகளை வைக்க வேண்டும். ஆமணக்குத் தண்டும் துணியும் போய் இப்போது சிலிக்கான் வந்திருக்கிறது. துளை மூடக் கூடாது என்ற அக்கறை மாறவில்லை.

முதல் வாரம்: தூக்கம், சாப்பாடு, தும்மல்

தூக்கம்: தலை உயரமாக இருக்க வேண்டும். இரண்டு மூன்று தலையணை வைத்துச் சாய்ந்து படுக்கவும். பாயில் படுப்பவர்கள் சுவரோரம் மெத்தையையோ போர்வைகளையோ மடித்து அடுக்கிச் சாய்ந்துகொள்ளலாம். தலை உயரமாக இருந்தால் மூக்குக்கு ரத்தம் பாய்வது குறைந்து, வீக்கம் சீக்கிரம் வடியும்.

சாப்பாடு: இட்லி, இடியாப்பம், குழைந்த சாதம், ஆறிய கஞ்சி, மோர் சாதம் எல்லாம் சாப்பிடலாம். கொதிக்கக் கொதிக்க ரசம், சுடச்சுட டீ, காரக் குழம்பு முதல் சில நாள் வேண்டாம். சூடும் காரமும் மூக்கில் நீர் ஒழுக வைக்கும், ரத்தக் குழாய்களை விரிக்கும். மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்ளுங்க. முக்கினால் தலைக்கு அழுத்தம் ஏறி ரத்தம் வரலாம். பழமும் தண்ணீரும் நிறைய எடுத்துக்கொள்ளலாம்.

தும்மல்: அடக்கக் கூடாது. வாயைத் திறந்து "ஹா" என்று தும்ம வேண்டும். வாயை மூடித் தும்மினால் அத்தனை அழுத்தமும் ஆறாத புண்ணில்தான் விழும்.

மூக்கைச் சிந்துவது: இது மிகவும் முக்கியம். குறைந்தது ஒரு வாரம், பெரும்பாலும் இரண்டு வாரம் சிந்தவே கூடாது. எத்தனை நாள் என்று உங்கள் டாக்டர் சொல்வார். சைனஸ் அறைகளுக்கும் கண்ணுக்கும் நடுவில் காகிதம் போல மெல்லிய எலும்புதான் இருக்கிறது. சைனஸ் ஆபரேஷன் செய்தவர்கள் வேகமாகச் சிந்தினால், காற்று கண்ணைச் சுற்றியுள்ள தோலுக்கு அடியில் புகுந்து கண் உப்பிவிடும். வழியும் நீரைத் துணியால் ஒற்றி எடுத்தால் போதும்.

மேல் முன்பல் மரத்துப்போச்சா? தண்டு வளைவு ஆபரேஷன் செய்த சிலருக்கு மேல் வரிசை முன்பற்களும், அதன் பின்னால் இருக்கும் அண்ணமும் மரத்தது போல இருக்கும். "மூக்கில் ஆபரேஷன், பல் ஏன் மரக்குது?" என்று பயந்துடாதீங்க. அந்தப் பகுதிக்குப் போகும் நரம்பு மூக்கின் நடுச்சுவர் வழியாகத்தான் இறங்குகிறது. பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகிவிடும்.

வாசனை தெரியலையா? அடைப்பு இருக்கும்வரை வாசனையும் ருசியும் குறைவாகவே இருக்கும். இதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. கேஸ் சிலிண்டர் கசிந்தாலும் தெரியாது, குழம்பு கெட்டுப்போயிருந்தாலும் தெரியாது. தனியாகச் சமைப்பவர்கள், வாசனை திரும்பும்வரை அடுப்பை அணைத்ததும் சிலிண்டர் வால்வையும் மூடிவிடுவது நல்லது.

5 முதல் 10-ம் நாள்: அசந்துவிட வேண்டாம்!

ரத்தக் கசிவுக்கு இரண்டு கட்டம் உண்டு. முதல் கட்டம் ஆபரேஷன் முடிந்த ஓரிரு நாளில். அப்போது பெரும்பாலும் மருத்துவமனையிலோ, டாக்டரின் கண்காணிப்பிலோ இருப்போம்.

இரண்டாவது கட்டம் 5 முதல் 10-ம் நாள் வரை. உள்ளே ஒட்டியிருக்கும் பொருக்கு உதிரும் நேரம் இது. புண்ணில் கிருமித் தொற்று இருந்தாலும் இந்த நேரத்தில் ரத்தம் வரலாம். இதில் சிக்கல் என்னவென்றால், அதற்குள் வலி போயிருக்கும், உடம்பு தேறியது போலத் தோன்றும். "நல்லாத்தானே இருக்கோம்" என்று குடத்தைத் தூக்குவதும், வயலுக்குப் போவதும், வண்டி ஓட்டுவதும் இந்த நாட்களில்தான்.

எனவே நாள்காட்டியில் 10-ம் நாள் வரை ஒரு கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை வெளியூர்ப் பயணம், பாரம் தூக்குவது, வெயிலில் வேலை மூன்றும் வேண்டாம். விரல் விட்டுப் பொருக்கை எடுப்பது எப்போதுமே கூடாது. ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்கள் ஒரு வேளைகூட விடக் கூடாது. சர்க்கரை நோயாளிகள் சர்க்கரையைக் கட்டுப்பாட்டில் வைத்திருந்தால்தான் புண் ஆறும்.

உப்புத் தண்ணீரில் கழுவுவது எப்படி?

பொருக்கு இளகி வெளியேற, மூக்கை உப்புத் தண்ணீரில் கழுவச் சொல்வார்கள். எந்த நாளில் தொடங்குவது, ஒரு நாளைக்கு எத்தனை முறை என்பது ஆபரேஷனைப் பொறுத்து மாறும். டாக்டர் சொன்ன நாளில்தான் தொடங்க வேண்டும்.

மருந்துக் கடையில் இதற்கான பாட்டிலும் உப்புப் பொட்டலமும் கிடைக்கும். பொட்டலத்தில் குறித்திருக்கும் அளவு தண்ணீரைச் சேர்க்க வேண்டும். வெறும் தண்ணீரை விட்டால் மூக்கு எரியும்.

இதில் முக்கியம் தண்ணீர்தான். குழாய்த் தண்ணீர், போர்வெல் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், மேல்நிலைத் தொட்டித் தண்ணீர் எதையும் அப்படியே மூக்கில் விடக் கூடாது. தளதளவெனக் கொதிக்க ஆரம்பித்த பிறகு குறைந்தது ஒரு நிமிடமாவது கொதிக்கவிட்டு, வெதுவெதுப்பாக ஆறியதும் பயன்படுத்த வேண்டும்.

ஏன் இவ்வளவு கவனம்? குடிக்கும்போது ஒன்றும் செய்யாத சில கிருமிகள் மூக்கு வழியாகப் போனால் ஆபத்து. 2024, 2025 ஆண்டுகளில் கேரளாவில் பயத்தை உண்டாக்கிய மூளையைத் தாக்கும் அமீபா தொற்று நினைவிருக்கிறதா? அசுத்தமான தண்ணீர் மூக்கில் ஏறுவது அது பரவும் முக்கிய வழிகளில் ஒன்று. அரிதான நோய்தான், ஆனால் உயிருக்கே ஆபத்து. குளம், கிணறு, கண்மாயில் முங்கிக் குளிப்பதையும் மூக்கு முழுதாக ஆறி, டாக்டர் சரி என்று சொல்லும்வரை தள்ளிப்போடுங்கள்.

கழுவும்போது முன்பக்கம் குனிந்து, வாயால் மூச்சு விட்டபடி, பாட்டிலை மெதுவாக அழுத்த வேண்டும். கழுவிய தண்ணீரில் பழுப்பு நிறப் பொருக்கும், கொழகொழப்பான சளியும் வரும். அது நல்லதுதான். பாட்டிலை ஒவ்வொரு முறையும் சுத்தம் செய்து காய வைக்கவும். வீட்டில் வேறு யாரும் அதைப் பயன்படுத்தக் கூடாது.

ஆவி பிடிக்கலாமா? வீட்டு வைத்தியம் ஓகேவா?

மூக்கடைப்பு என்றதும் நம் வீடுகளில் முதலில் செய்வது ஆவி பிடிப்பது. சளிக்குச் சரி. ஆபரேஷன் முடிந்த புண்ணுக்கு அந்தச் சூடு ஆகாது, ரத்தம் வரலாம். டாக்டர் சொன்னால் ஒழிய ஆவி வேண்டாம்.

இன்னும் சில:

• மூக்குப்பொடி போடும் பழக்கம் இருந்தால் நிறுத்திவிடவும்.

• எண்ணெய் விடுவது, மூலிகைச் சாறு பிழிவது, கற்பூரம் முகர்வது வேண்டாம்.

• சாம்பிராணிப் புகை, கொசுவர்த்திப் புகை, விறகடுப்புப் புகையில் இருந்து தள்ளி இருக்கவும். வீட்டில் மற்றவர்கள் பிடிக்கும் சிகரெட், பீடிப் புகையும் கெடுதல்தான்.

• புகைபிடிப்பது, மது இரண்டும் புண் ஆறுவதைத் தாமதமாக்கும்.

• கடையில் கிடைக்கும் மூக்கடைப்புச் சொட்டு மருந்தை இஷ்டத்துக்கு விடக் கூடாது. நாள் கணக்கில் விட்டால், மருந்து நின்றதும் அடைப்பு முன்பைவிட அதிகமாகும்.

எப்போ வேலைக்குப் போகலாம்?

இவை பொதுவான அளவுகள்தான். உங்கள் டாக்டர் சொல்வதே இறுதி.

• உட்கார்ந்து பார்க்கும் வேலை, கல்லூரி: ஏறக்குறைய 1 வாரம்.

• பாரம் தூக்குவது, வயல் வேலை, கட்டட வேலை: 2 முதல் 3 வாரம். பூச்சிமருந்து அடிப்பது, நெல் தூற்றுவது, கல்குவாரி போன்ற தூசி வேலைகளுக்கு அதற்கு மேலும் ஆகலாம். போகும்போது முகக்கவசம் கட்டாயம்.

• கபடி, கிரிக்கெட் போல மூக்கில் அடிபடக்கூடிய விளையாட்டு: குறைந்தது 4 முதல் 6 வாரம்.

• விமானப் பயணம்: பெரும்பாலும் 1 முதல் 2 வாரம் கழித்து. சிங்கப்பூர், வளைகுடா நாடுகளில் வேலை பார்த்து, விடுமுறையில் ஊருக்கு வந்து ஆபரேஷன் செய்துகொள்பவர்கள் ரிட்டர்ன் டிக்கெட் போடும் முன் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளவும். மூக்கைச் சுத்தம் செய்ய மறுபடி வரச் சொல்லும் தேதிகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மறுபரிசோதனையைத் தவிர்க்கவே கூடாது. சைனஸ் ஆபரேஷன் செய்தவர்களுக்கு, எண்டோஸ்கோப் வழியாகப் பொருக்கை உறிஞ்சி எடுக்க ஒன்றுக்கு மேற்பட்ட முறை வரச் சொல்வார்கள். "இப்போ நல்லா இருக்கு, எதுக்கு பஸ் ஏறிப் போகணும்?" என்று விட்டுவிட்டால், உள்ளே இரண்டு புண் பரப்புகள் ஒட்டிக்கொண்டு வழி மறுபடி அடைந்துவிடலாம். ஆபரேஷனே வீணாகிவிடும்.

மூக்கில் சதை வளர்ந்து எடுத்தவர்களுக்கு இன்னொரு விஷயம். ஆபரேஷன் சதையை எடுக்கும், அதை வளர வைத்த அலர்ஜியை எடுக்காது. டாக்டர் கொடுக்கும் ஸ்பிரேயை மாதக் கணக்கில் தொடர வேண்டியிருக்கும். நிறுத்தினால் சதை மறுபடி வளர வாய்ப்பு அதிகம்.

மூக்கின் தோற்றத்தை மாற்றும் ஆபரேஷன் என்றால்?

மூக்கின் மேல் ஒரு கட்டு அல்லது தகடு வைத்து, ஏறக்குறைய ஒரு வாரத்தில் எடுப்பார்கள். எலும்பில் வேலை நடந்திருந்தால் இரண்டு கண்ணைச் சுற்றியும் கறுத்து வீங்கும். கண்ணாடியில் பார்த்தால் பயமாக இருக்கும், ஆனால் ஒன்றிரண்டு வாரத்தில் மறைந்துவிடும். 4 முதல் 6 வாரம் வரை மூக்குக் கண்ணாடியின் பாரம் மூக்கில் விழக் கூடாது.

கட்டு எடுத்த அன்றைக்குத் தெரிவது இறுதி வடிவம் இல்லை. மூக்கு நுனியின் வீக்கம் முழுதாக வடிய ஒரு வருடம்கூட ஆகலாம். கல்யாணத் தேதிக்கு ஒரு மாதம் முன்பு செய்துகொள்ளலாம் என்று திட்டமிடுபவர்கள் இதை யோசித்துக்கொள்ள வேண்டும்.

எப்போ உடனே கிளம்பணும்?

கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் விடியும்வரை காத்திருக்க வேண்டாம்:

• பளிச்சென்ற சிவப்பு ரத்தம், 15 முதல் 20 நிமிடம் ஆகியும் நிற்காமல் வழிவது. அல்லது தொண்டைக்குள் இறங்கிக்கொண்டே இருப்பது.

• 101 டிகிரிக்கு மேல் காய்ச்சல். அதோடு நடுக்கம், உடம்பில் சிவந்த தடிப்பு, வாந்தி இருந்தால் இன்னும் அவசரம்.

• கண் வீங்குவது, பார்வை மங்குவது, இரண்டிரண்டாகத் தெரிவது.

• தாங்க முடியாத தலைவலி, கழுத்து விறைப்பு, குழப்பமான பேச்சு.

• குனிந்தால் ஒரு பக்க மூக்கில் இருந்து தண்ணீர் போலத் தெளிவான நீர் சொட்டுவது. இது மூளையைச் சுற்றியுள்ள நீராக இருக்கலாம். சளி என்று நினைத்து விட்டுவிடக் கூடாது.

• குறைந்துகொண்டு வந்த வலி திடீரென அதிகமாகி, இரண்டு பக்கமும் முழுதாக அடைத்து, மூக்கு வீங்கித் தொட முடியாமல் இருப்பது. நடுச்சுவரில் ரத்தமோ சீழோ கட்டியிருக்கலாம். நேரம் கடந்தால் குருத்தெலும்பு கரைந்து மூக்கே அமுங்கிவிடும்.

ரத்தம் வந்தால் வீட்டில் என்ன செய்யணும்?

முதலில் உட்கார வையுங்கள். படுக்க வைக்க வேண்டாம், தலையைப் பின்னால் சாய்க்கவும் வேண்டாம். அப்படிச் செய்தால் ரத்தம் தொண்டைக்குள் இறங்கும். எவ்வளவு போகிறது என்றும் தெரியாது.

கொஞ்சம் முன்னால் குனிந்து, வாயால் மூச்சு விட்டபடி, மூக்கின் கீழ்ப்பகுதியில் இருக்கும் மென்மையான இடத்தை இரண்டு விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். 10 முதல் 15 நிமிடம், நடுவில் விட்டுப் பார்க்காமல் பிடிக்க வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். வாயில் வரும் ரத்தத்தைத் துப்பிவிடவும். நெற்றியில் குளிர்ந்த துணி வைக்கலாம். தோற்ற ஆபரேஷன் அல்லது எலும்பு முறிவு என்றால் மூக்கை அழுத்தலாமா என்பதை டிஸ்சார்ஜ் ஆகும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நிற்கவில்லை என்றால் 108-ஐ அழையுங்கள். இரு சக்கர வாகனத்தில் பின்னால் உட்கார வைத்து 20 கிலோமீட்டர் கூட்டிப்போவது ஆபத்து. வழியில் மயக்கம் வரலாம். ஆபரேஷன் நடந்த மருத்துவமனை தூரம் என்றால், முதலில் பக்கத்தில் இருக்கும் அரசு மருத்துவமனைக்குப் போய் முதலுதவி எடுத்துக்கொண்டு அங்கிருந்து செல்லலாம். டிஸ்சார்ஜ் அட்டை கையில் இருக்கட்டும்.

டிஸ்சார்ஜ் ஆகும் முன் கேட்க வேண்டிய 6 கேள்விகள்

1. மூக்குக்குள் என்ன வைத்திருக்கிறீர்கள்? எந்தத் தேதியில் எடுப்பீர்கள்?

2. உப்புத் தண்ணீர் கழுவுவதை எந்த நாளில் தொடங்க வேண்டும்?

3. நான் வழக்கமாகப் போடும் மாத்திரைகளில் எதை எப்போது தொடர வேண்டும்?

4. எத்தனை நாள் மூக்கைச் சிந்தக் கூடாது?

5. என் வேலைக்கு எப்போது திரும்பலாம்? (என்ன வேலை என்பதையும் சொல்லிக் கேளுங்கள்)

6. ராத்திரியில் ரத்தம் வந்தால் யாரை அழைப்பது, எங்கே போவது?

செலவைப் பொறுத்தவரை, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு இருக்கிறது. உங்களுக்குச் செய்யப்போகும் ஆபரேஷன் அதில் வருமா என்பதை, அட்மிட் ஆகும் முன்பே மருத்துவமனையில் உள்ள காப்பீட்டுத் திட்ட கவுன்டரில் கேட்டுவிடுங்கள்.

சுருக்கமாகச் சொன்னால்...

முதல் 2 நாள் வாயால் மூச்சு. முதல் 10 நாள் ரத்தக் கசிவு பற்றிய கவனம். 2 முதல் 4 வாரத்தில் அடைப்பு படிப்படியாகக் குறையும். உட்புறம் முழுதாக ஆற ஏறக்குறைய 3 மாதம். நேற்றைவிட இன்று கொஞ்சம் பரவாயில்லை என்று போய்க்கொண்டிருந்தால் சரியான வழியில்தான் போகிறது. நேற்று நன்றாக இருந்து இன்று மோசமானால் டாக்டரைப் பாருங்கள்.

*(இந்தக் கட்டுரை பொதுவான தகவலுக்காக மட்டுமே. உங்கள் உடல்நிலைக்கு ஏற்ற ஆலோசனையைக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் பெறவும்.)*